ஒரு பெடல் குறைந்த வண்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்கவே கை கூசுகிறது. நாலரை லட்சத்துக்குக் கார் வாங்க வந்தவன் காரைப் பார்க்காமல் செல்போனைப் பார்க்கிறான். போட்டோ எடுத்து வீட்டில் இருக்கும் பெண்டாட்டிக்கு அனுப்புகிறான். அவள் அங்கிருந்து ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் இவன் இங்கே பணத்தை எடுத்து நீட்டுகிறான். முந்நூறு ரூபாய்க் கோழி என்றாலும் இறக்கையைத் தூக்கிப் பார்த்து, மார்பைத் தடவிப் பார்த்து, கண்ணில் பூ விழுந்திருக்கிறதா என்று வெயிலில் காட்டிப் பார்த்து வாங்கினவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள்தான் இவர்கள். புத்தி எந்த வழியாகப் போனது என்றுதான் தெரியவில்லை.

தருமபுரியில் சேலம் ரோட்டு ஓரம் உசேனுடைய பழைய கார் கடையின் முன்னால் நின்று முனியப்பன் இப்படிப் பொருமிக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயது. காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவர். கொம்புக்கு எண்ணெய் பூசி வயசைக் குறைப்பவனையும், உப்புத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்புகிறவனையும், ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுகிறவனையும் பார்த்துப் பார்த்து, மனுஷன் நல்ல வார்த்தை சொன்னாலே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"தரகரே, வெயில்ல ஏன் நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க, டீ சொல்றன்," என்றான் உசேன். நாற்பது வயது. அவன் அப்பா அதே சந்தையில் தோல் வியாபாரம் செய்தவர்.

"டீயை ஊத்திட்டு அதையும் வெலையில ஏத்துவ. நான் நிக்கறன். நீ வண்டியைக் காட்டு."

இரண்டு கார்களைத்தான் காட்டினான். ஒரே கம்பெனி, ஒரே வருஷத்து வண்டிகள். வெள்ளை நாலு லட்சத்து அறுபது. சாம்பல் நிறம் ஐந்து லட்சத்து நாற்பது.

"ஏன்டா, சாம்பல் பூசினதுக்கு எம்பதாயிரமா?"

"கலருக்கு இல்லீங்க. அதுல கிளட்ச் கெடயாது. கியர் தானா மாத்திக்கும். பிரேக்கு, ஆக்சிலேட்டர், ரெண்டே பெடல். எடது காலு சும்மா கெடக்கலாம். சீட்டையும் மேல கீழ ஏத்தி எறக்கிக்கலாம். தூரம் போறவங்களுக்கு அதாங்க சொகம்."

முனியப்பன் கதவைத் திறந்து குனிந்து, கைத்தடியால் தட்டி எண்ணினார். வெள்ளையில் மூன்று. சாம்பலில் இரண்டு. திரும்பவும் எண்ணினார்.

"ஒண்ணு கொறையுது."

"அதாங்க விசேஷமே!"

"நாலு காம்பு மாட்டவிட மூணு காம்பு மாட்டுக்கு வெலை கூடன்னு எந்தச் சந்தையிலடா சொல்லுவான்? கொறஞ்ச பொருளுக்குக் கூடக் காசு. நல்லா இருக்குது உன் யாவாரம்."

பக்கத்தில் நின்ற மகன் அருள்குமார் சிரிக்கவில்லை. "அப்பா, டாக்டரு இந்த மாதிரி வண்டிதான் எடுக்கச் சொன்னாரு. எடது கால்ல கிளட்ச் மிதிக்கக் கூடாதாம்."

"டாக்டருக்கு இவன் எவ்ளோ குடுத்தானோ!"

அருள்குமாருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. பதினோரு வருஷமாகப் பாப்பாரப்பட்டியிலிருந்து பாலக்கோடு வரை பைக், அங்கிருந்து கம்பெனி பஸ் என்று போய் வந்தான். போன வருஷம் அந்தப் பக்கத்து பஸ்ஸைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து முழு தூரமும் பைக்தான். போக எழுபத்தைந்து கிலோமீட்டர், வர எழுபத்தைந்து. ஓசூருக்கே குடிபோகலாம் என்றால், மனைவி காவியாவுக்கு உள்ளூர் அங்கன்வாடியில் வேலை. அதை விட்டால் திரும்பக் கிடைக்காது. ஆறு மாதம் முன்பு அவனுக்கு முதுகில் வட்டு விலகியது. இடது கால் மரத்துப் போகிறது என்றான். லீவு மேல் லீவு போட்டதில், இனி ஒரு நாள் நின்றாலும் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

கார் வாங்கினால் வேலை நிற்கும். வாங்காவிட்டால் போகும். ஆனால் பணம் முனியப்பன் கையில் இருந்தது. பாலக்கோட்டுப் பக்கம் அவருக்கிருந்த அரை ஏக்கரைக் கிணற்றோடு சேர்த்து நாலு வழிச் சாலைக்கு அரசாங்கம் எடுத்துக்கொண்டு கொடுத்த பணம். பாங்கில் போட்டு நாலு வருஷமாக அவர் அதைத் தொடவே இல்லை. மகன் கேட்டது மூன்று லட்சம்தான். மீதிக்கு லோன் போட்டுக்கொள்கிறேன் என்றான்.

முனியப்பன் ஒரே வார்த்தையில் முடித்தார். "லோன்ல வாங்கற மாடு கறந்தா வட்டிக்கு, செத்தா நமக்கு. முழுப் பணமும் நான் தரன். ஆனா வண்டி நான் காட்டறதுதான்."

வெளியே சொல்லாத ஒன்றும் அவர் மனசில் இருந்தது. முதுகுவலி என்பதையே அவர் நம்பவில்லை. சும்மா கேட்டால் தன் கையை விட்டு வராத பணத்தை வரவழைக்கப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கட்டின கதை என்றே நினைத்தார். நோவு இல்லாமலே நுகத்தடியைக் கண்டதும் படுத்துக்கொள்கிற காளைகளை அவர் எத்தனை பார்த்திருப்பார்! அதற்கு அவரிடம் ஒரு சோதனை உண்டு. குளம்புக்கு மேலே மெத்தென்று இருக்கிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவார். நடிக்கிற காளை வெடுக்கென்று உதைக்கும். நிஜமாகவே கால் செத்துப் போயிருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. பெற்ற பிள்ளையிடம் நகத்தை வைத்துப் பார்க்க முடியுமா? அதனால் வேறு சோதனை யோசித்து வைத்திருந்தார்.

மகன் போன் வந்து ரோட்டுப் பக்கம் போன நேரம் பார்த்து, உசேனைக் கூப்பிட்டுத் தோள் துண்டை அவன் கைமேல் போட்டார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை. வாய் திறக்கக் கூடாது. உசேனுக்கு அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம், அவனும் கையைக் கொடுத்தான். இரண்டு நிமிஷம் துண்டு நெளிந்தது. வெள்ளை வண்டி நாலு லட்சத்து நாற்பதுக்குப் படிந்தது. முனியப்பன் மடியிலிருந்து ஐம்பதாயிரத்தை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இது அச்சாரம். கறவை மாட்டை மூணு வேளை கறந்து பாத்துதான் ஓட்டிக்கினு போவோம். உன் வண்டியையும் மூணு வேளை ஓட்டிப் பாப்பன். இன்னிக்கு சாயங்காலம் வூட்டுக்கு. நாளைக்கு காலையில ஓசூருக்கு. சாயங்காலம் ஓசூர்ல இருந்து. வண்டியில கொறை இருந்தா அச்சாரம் திரும்பணும். கொறை இல்லாம நான் பின்வாங்கினா அச்சாரம் உனக்கு. கயிறு மாத்தி யாவாரம் முடிஞ்ச பெறவு பேச்சு மாறமாட்டன்."

உசேன் பணத்தை வாங்கிக்கொண்டு எதையோ சொல்ல வாயெடுத்தான். ரோட்டில் நின்ற அருள்குமாரைப் பார்த்தான். பிறகு, "சரிங்க தரகரே, உங்க இஷ்டம்," என்றான்.

விஷயம் தெரிந்ததும் அருள்குமாரின் முகம் கறுத்தது. "சொல்லாம கொள்ளாம அச்சாரம் குடுத்துட்டீங்களா? கிளட்ச் மிதிக்கக் கூடாதுன்னு இப்பதானே சொன்னன்?"

"மூணு வேளை ஓட்டிக் காட்டு. முடியலன்னா முடியலன்னு சொல்லு. அப்ப பாக்கலாம்."

அது கேலியாகத்தான் வந்தது. அப்பனுக்குப் பிறந்த பிள்ளைதானே. அருள்குமார் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கினான். "ஓட்டிக் காட்டறன். வாயில முடியலன்னு ஒரு வார்த்தை வராது. ஏறுங்க."

முதல் வேளை ஒரு குறையும் இல்லை. பாப்பாரப்பட்டி வரை வண்டி எண்ணெய் ஊற்றின மாதிரி ஓடியது. வீட்டு வாசலில் இறங்கும்போது அருள்குமார் தொடைமேல் பேன்ட் துணியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினான். முனியப்பன் அதைப் பார்த்தார். பேன்ட் இறுக்கமாக இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்.

வாசலுக்கு வந்த காவியா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"கிளட்ச் வண்டியாங்க இது?"

அவன் உள்ளே போனான். அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, அவருக்குக் கால் மரத்துப் போவுதுன்னு எத்தன வாட்டி சொன்னன். உக்காந்து எழுந்து நாலடி நடக்கறதுக்குள்ள செருப்பு கழண்டு வுழுந்தாகூடத் தெரியல அவருக்கு."

"நேத்து இங்க நம்ம நெலத்துல மோட்டார் போட வரப்புல போனப்ப அந்தக் காலு மரக்கலயா?"

"எப்பவும் இருக்காது, வந்து வந்து போவுதுங்க. ரொம்ப நேரம் உக்காந்தாதான். எம்பதாயிரம்தானே பிரச்சினை? எங்க வூட்டுல போட்ட நகை இருக்குது, வெச்சிக் குடுக்கறன். அந்த வண்டியையே எடுத்துக் குடுங்க மாமா."

"வெச்சிக்கோ உன் நகைய."

தன் நகையைத் தானே அடகு வைக்கிறேன் என்று சொல்கிற பொம்பளையை அவர் எழுபத்திரண்டு வருஷத்தில் கண்டதில்லை. அதனாலேயே சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். அருள்குமார் ஒரு பழைய வேட்டியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். பாலக்கோடு தாண்டி ஓரிடத்தில் முனியப்பன், "இப்ப நம்ம கெணத்து மேல போறோம்," என்றார். மகன் உம் கொட்டினான். தார் சாலை மழமழவென்று இருந்தது. கிணறு இருந்த இடத்தில் ஒரு சின்ன ஏற்ற இறக்கம்கூட இல்லை.

இரண்டாவது வேளையும் வண்டியில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. சத்தம் இல்லை, சூடு இல்லை, ஒரு பக்கம் இழுக்கவில்லை. ஓசூர் நெருங்க நெருங்க லாரியும் பஸ்ஸுமாய் நெருக்கியடித்தது. மிதித்து விட்டு, மிதித்து விட்டு நகர வேண்டியிருந்தது. அருள்குமார் ஒரு தடவை பேன்ட் துணியைப் பிடித்துத் தொடையைத் தூக்கி வைத்தான். இது இரண்டாவது தடவை. 'நான் பாக்கணும்னே செய்யறான்,' என்று முனியப்பன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகன் வேலைக்குள் போனான். முனியப்பன் கம்பெனிக்கு வெளியே புங்கமர நிழலில் நின்ற காரை விட்டு நகரவில்லை. பூட்டியிருக்கிறதே, கடைக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாமே என்று செக்யூரிட்டி சொன்னான். "பூட்டை நம்பறவன் எதுக்கு நாய் வளக்கறான்?" என்று கேட்டுவிட்டு, காவியா கட்டிக் கொடுத்த புளிசோற்றைக் காருக்குள்ளேயே உட்கார்ந்து தின்றார். பகல் முழுக்க உட்கார்ந்ததில் அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு அருள்குமார் வெளியே வந்தபோது நடை கோணியிருந்தது. வண்டியருகே வந்து கூரையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான்.

"இன்னா, ஓட்டுவியா?"

"ஓட்டுவன்."

"முடியலன்னா சொல்லிடு."

"நான் சொன்னா நீங்க நம்பப்போறீங்களா? ஏறுங்கப்பா."

மூன்றாவது வேளை. சந்தையில் ஏமாற்றுகிறவன் சரக்கு முதல் இரண்டு வேளை தாக்குப்பிடிக்கும். மூன்றாவதில்தான் மடி வற்றும். வண்டியின் ஒவ்வொரு முனகலையும் முனியப்பன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வண்டி முனகவில்லை. அவன்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ராயக்கோட்டை தாண்டினார்கள். குளிர்ந்த காற்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தும் அருள்குமாரின் காதோரம் வியர்வை இறங்கியது.

பாலக்கோட்டுக்கு முன்னால் ஒரு மேடு. அது தக்காளி வரத்து நேரம். மார்க்கெட்டுக்குப் போகிற டெம்போக்களும், கூடை கட்டின வண்டிகளும் மேட்டில் ஏறமுடியாமல் வரிசை கட்டி நின்றன. அடி அடியாய் நகர்ந்தது வரிசை. காருக்கு நேர் முன்னால் ஒரு மொபெட். புருஷன் காலிடுக்கில் இரண்டு தக்காளி டிரே, பின்னால் பெண்டாட்டி பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலில் ரப்பர் செருப்பு, குதிகால் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

வரிசை நகர்ந்தது. அருள்குமார் கியர் போட்டான். மறு நொடி கார் பேய் பிடித்த மாதிரி ஒரே துள்ளு துள்ளியது. முனியப்பனின் நெற்றி முன் கண்ணாடியை முட்டப் போய் நின்றது. எஞ்சின் அணைந்தது. மொபெட்காரி வீல் என்று கத்தினாள்.

அவள் குதிகாலுக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"டேய், கண்ணு அவிஞ்சு போச்சா? குடிச்சிட்டா ஓட்டற?" மொபெட்காரன் திரும்பிக் காறித் துப்பினான். "ஏ பெருசு, பக்கத்துல உக்காந்துக்கினு இன்னா பண்ற, சொல்லக்கூடாதா அவனுக்கு?"

முனியப்பன் மகனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருள்குமாரின் இடது கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி, முழங்காலுக்கு மேல் பேன்ட் துணியை முடிச்சு மாதிரி கொத்தாகப் பிடித்தது. கிணற்றிலிருந்து வாளியைத் தூக்குகிற மாதிரி காலைத் தூக்கி, பெடல்மேல் வைத்தது. வைத்த கால் அங்கே நிற்கவில்லை. சறுக்கி ஓரமாய்ச் சாய்ந்தது. திரும்பத் தூக்கி வைத்தது. கண் மட்டும் முன்னாலிருந்த மொபெட்டின் சிவப்பு விளக்கை விட்டு அசையவில்லை. எத்தனையோ நாளாய்ப் பழகின கை அது.

முனியப்பன் குனிந்தார். பெற்ற பிள்ளையிடம் செய்யமாட்டேன் என்று நினைத்ததைச் செய்தார். அவன் ஆடுசதையில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். மெதுவாக அழுத்தினார். பிறகு பலமாக. நகம் வளைந்தது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், காளையே துள்ளும்.

கால் கிடந்தபடியே கிடந்தது.

"இன்னாப்பா கீழ குனியறீங்க?" என்றான் அருள்குமார், ரோட்டைப் பார்த்தபடியே. "ஏதாவது வுழுந்துடுச்சா?"

முனியப்பன் கையை எடுத்துக்கொண்டார். பின்னால் ஒரு டெம்போக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

"வண்டிய ஓரங்கட்டு."

"மேடு ஏறிட்டா சரியாப் போயிடும்பா. ரெண்டு நிமிஷத்துல உணர்ச்சி வந்துடும்."

"சாவியத் திருப்பாத. கைய எடு. எடுடான்னன்ல!"

அந்தக் குரலில் அவர் மகனிடம் பேசி இருபது வருஷமாவது இருக்கும். அருள்குமார் கையை எடுத்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான். முனியப்பன் இறங்கி நடுரோட்டில் நின்று, தோள் துண்டை உருவி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். மிரண்டு வருகிற மாட்டை மடக்குகிறவன் மாதிரி நின்ற கிழவனைப் பார்த்து டெம்போக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். மூட்டை தூக்குகிற இரண்டு பேர் வந்து காரைத் தள்ளி ஓரம் சேர்த்தார்கள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அருள்குமார் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முனியப்பன் தள்ளி நின்று அதைப் பார்த்தார்.

"எத்தினி நாளா இப்படி?"

"ஆறு மாசமாச் சொல்றன்."

"பைக்ல போனியேடா. கியர் போடற காலும் அதுதானே."

"ஆமா."

"எப்பிடிப் போட்ட?"

"குதிகாலால. சில நாளு கையால." அருள்குமார் சிரித்தான், அது சிரிப்பு மாதிரி இல்லை. "நேத்தே சொல்லியிருக்கலாம். 'முடியலன்னா சொல்லு'ன்னு நீங்க கேட்ட தோரணைக்கு, செத்தாலும் சொல்லக்கூடாதுன்னு இருந்துச்சு. அந்தப் பொம்பள கால்ல ஏத்தியிருப்பன்பா."

சொல்ல முனியப்பனுக்கு ஒரு வார்த்தை இருந்தது. அந்த வார்த்தையை அவர் நாக்கு பழகியதே இல்லை.

தள்ளிவிட்டவர்களில் இன்னாசி என்பவன் முன்பு டெம்போ ஓட்டினவன். ஐந்நூறு ரூபாய்க்குப் பாப்பாரப்பட்டி வரை ஓட்டிக் கொடுக்க ஒத்துக்கொண்டான். முனியப்பன் லைசென்ஸைக் கேட்டு வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தலகீழாப் புடிச்சிருக்கீங்க தாத்தா," என்றான் இன்னாசி.

"மூஞ்சி நேராத்தான் தெரியுது. ஓட்டு."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பதாயிரம் கண்ணில் நின்றது. மூன்று வேளையும் வண்டி ஒழுங்காகத்தான் கறந்தது. குறை வண்டியில் இல்லை. அப்படியானால் பேச்சுப்படி அச்சாரம் உசேனுக்கு. நாற்பது வருஷத்தில் கயிறு மாற்றின மாட்டைத் திருப்பி ஓட்டி வந்தவன் என்று ஒருவன் அவரைச் சொன்னதில்லை. ஆனால் ஒரு பொய் சொன்னால் போதும். மேட்டில் எஞ்சின் நின்றுபோனது நிஜம்தானே? நடுரோட்டில் துள்ளியதற்கும் சாட்சி உண்டு. 'வண்டி மேடு ஏறலடா' என்று சொன்னால் உசேன் எதை வைத்து மறுப்பான்? எத்தனை பேர் அவரிடம் அப்படிச் சொல்லி அச்சாரத்தைத் திருப்பி வாங்கிப் போயிருக்கிறார்கள்! விடிகிறவரை அந்தப் பொய்யை அவர் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். எல்லாமே நன்றாகத்தான் இருந்தது.

காலையில் இன்னாசியையே வரவழைத்து, மகனைப் பின்சீட்டில் சாய வைத்துக்கொண்டு தருமபுரி போனார். பாங்கில் பணம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும்போது மணி பதினொன்று.

உசேன் எழுந்து வந்தான். சாவியை வாங்கிக்கொண்டு, "இன்னாங்க தரகரே, வண்டியில கொறையா?" என்றான்.

அருள்குமார் அப்பாவைப் பார்த்தான். முனியப்பன் தொண்டையைச் செருமினார். ஒத்திகை பார்த்த பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல," என்றார். "மூணு வேளையும் நல்லாத்தான் ஓடுச்சு. இவன் காலுதான் ஒத்து வரல. பின்வாங்கறது நான். அச்சாரத்தை நீ வெச்சிக்கோ. அந்த ரெண்டு பெடல் வண்டிக்கு வெலை சொல்லு."

சொல்லிவிட்டு, யாரோ அடித்துவிட்ட மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உசேன் உடனே விலை சொல்லவில்லை. மூலையில் துணி போட்டு மூடியிருந்த ஒரு வண்டியைக் காட்டினான். "அங்கதான் நிக்குது. நீங்க போனதும் மூடிட்டங்க. நேத்து ரெண்டு பேரு கேட்டாங்க, வித்துட்டன்னு சொல்லிட்டன். இதுக்கு அஞ்சே கால் குடுங்க. அச்சாரம் ஐம்பதாயிரத்தை அதுலயே கழிச்சிக்கலாம்."

"நான் திரும்பி வருவன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்ணன் அன்னிக்கு கடை முன்னால ஆட்டோவுல இருந்து எறங்கும்போது காலைக் கையால தூக்கி வெச்சாரு. பாத்தன்."

"பாத்தியா?" முனியப்பனின் குரல் ஏறியது. "பாத்துட்டா அச்சாரம் வாங்கின? ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? 'வெலை கூடின வண்டியத் தலையில கட்டப் பாக்கறான்'னு மொரப்பூரு வரைக்கும் சொல்லியிருப்பீங்க."

அருள்குமார் தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது. இந்தத் தடவை அது நிஜமான சிரிப்பு. முனியப்பனுக்கு மூக்கு விடைத்தது. வழியில் போகிற யாவாரி ஒரே பார்வையில் கண்டதை, இரண்டு தடவை பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு இறுக்கமான பேன்ட் என்றும் நடிப்பு என்றும் அவர் நினைத்திருக்கிறார். நாற்பது வருஷத் தரகு!

பணத்தை எண்ணிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டது அருள்குமார். சாம்பல் வண்டியின் சீட்டில் அவன் ஏறி உட்கார்ந்து, பக்கத்திலிருந்த நெம்புகோலை இழுத்து உயரத்தை ஏற்றினான். முதுகைச் சாய்த்தான். இடது காலை ஓரமாய் நீட்டி வைத்தான். நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை முனியப்பன் கேட்டார். கேட்காத மாதிரி டயரைக் கைத்தடியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கப்பா, போலாம்."

"பிரேக்கை விடு பாக்கலாம். மிதிக்காத. விட மட்டும் விடு."

அருள்குமார் காலை எடுத்தான். யாரும் எதையும் மிதிக்காமலேயே வண்டி மெல்ல ஊர்ந்து முன்னால் நகர்ந்தது. முனியப்பன் இரண்டடி பின்வாங்கினார்.

"அய்யய்யோ! ஏய் உசேனு, யாரும் மிதிக்கல, தானா போவுதேடா!"

"அது அப்படித்தாங்க. டிராபிக்ல அதான் சொகம்."

"நீ போ," என்றார் முனியப்பன் மகனிடம். "பதனமாப் போ. நான் பஸ்ல வரன்."

"பஸ்ல எதுக்குப்பா..."

"வரன்னு சொன்னன்ல."

இன்னாசிக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, வெயிலில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பின்னாலிருந்து உசேன், "தரகரே, டீயாவது குடிச்சிட்டுப் போங்க!" என்று கத்தினான். அவர் திரும்பவில்லை. சாம்பல் கார் அவரைத் தாண்டி, ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டு, குலுங்காமல் போனது. அவன் காலுக்கு நல்லதுதான், சரி. ஆனால் பேச்சுப்படி தன் கைக்கு வந்துவிட்ட ஐம்பதாயிரத்தை ஒரு யாவாரி எதற்காகத் திருப்பிக் கழித்துக் கொடுப்பான்? இதில் எங்கேயோ ஒரு சூது இருக்கிறது. அந்தக் குறைந்த பெடலைக் கழற்றி எங்கே வைத்திருக்கிறான் என்றும் கேட்க மறந்துவிட்டது. துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றி ஊன்றி அவர் நடந்துகொண்டே இருந்தார்.